முயல் வளர்க்க ஆசையா? முதலில் கணக்கு போடுங்க!



உங்களில் எத்தனை பேருக்கு முயல் வளர்க்க ஆசை? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா, இத்தனை கைகளா! சரி, இறக்குங்கள். இன்னொரு கேள்வி. ஒரு முயல் மாதத்துக்கு எத்தனை கிலோ தீனி தின்னும், சொல்லுங்கள் பார்க்கலாம்! என்ன, ஒரு கையையும் காணோமே?

பரவாயில்லை. ஆரணியில் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு மாணவனுக்கும் இதற்குப் பதில் தெரியாது. அவன் பட்ட பாட்டைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தார் சுற்றிச் சேர்த்த காசு!

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். நெசவாளர் தெருக்களில் நடந்தால், வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். அந்த மாணவன் வீட்டிலும் ஒரு குழித்தறி இருந்தது. அப்பா நெய்வார். ஆயா தார் சுற்றுவார். பள்ளி விட்டு வந்து ஆயாவுக்கு உதவினால், அவனுக்கு அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் கிடைக்கும்.

அந்தக் காசை உண்டியலில் சேர்த்து, ஆயுத பூஜை விடுமுறையில் ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கிவிட்டான். "ரெண்டுமே பெண்ணுதான் தம்பி. பயமே வேணாம்" என்று விற்றவர் சொல்லி அனுப்பினார்.

குட்டி முயலில் ஆண், பெண் பார்ப்பது மிகவும் கடினம். பழகியவர்களே ஏமாந்து போவார்கள். இவன் எம்மாத்திரம்? ஜனவரி மாதம் ஒரு நாள் காலை, ஒரு முயல் தன் உடம்பு ரோமத்தையே பிய்த்து மெத்தை போட்டிருந்தது. அதற்குள் ரோமம் இல்லாமல், கண் திறக்காமல், கட்டைவிரல் அளவில் ஐந்து குட்டிகள்!

வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஆனால், ஆண் முயலைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெண் முயல் குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினை பிடிக்கக்கூடியது. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள்தான். பிப்ரவரியில் இன்னும் ஆறு குட்டிகள் பிறந்தன. இரண்டாக வந்த முயல்கள், ஐந்தே மாதத்தில் 13!

அப்பா கேட்ட கேள்வி

மார்ச் மாதம் அவன் என்னிடம் வந்தான். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், இனிமே தீனிக்குக் காசு தர முடியாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."

மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா கோபக்காரர் அல்ல. தறியில் இருந்து எழுந்து வந்து, பொறுமையாகவே பேசினார்.

"டீச்சர், புதுசா பாவு பிணைக்கறதுக்கு முன்னாடி நான் எவ்ளோ கணக்கு போடறேன்! பட்டு எவ்ளோ, ஜரிகை எவ்ளோ, எத்தனை நாள் ஆகும், கூலி எவ்ளோ வரும்னு பாத்துட்டுதான் தறியில உக்கார்றேன். பாதி சேலையில வேணாம்னு எழுந்திருக்க முடியுமா? இவன் ஒரு கணக்கும் போடாம பாவு பிணைச்சுட்டான். இப்ப பாதியில நிக்கறான்."

சரியான பேச்சு, இல்லையா? அப்போதே நோட்டை எடுத்து நானும் அவனும் கணக்கு போட்டோம். நீங்களும் கூடவே போடுங்கள்.

நாலு, அஞ்சு கிலோ எடை வளரும் பெரிய இன முயலுக்கு ஒரு நாளைக்கு அடர்தீனி சுமார் 100 கிராம் வேண்டும். அதோடு பசுந்தீனி 250 முதல் 300 கிராம் வரை வேண்டும். பால் மறந்த குட்டிக்கு அடர்தீனி 50 கிராம், பசுந்தீனி 150 கிராம். (சிறிய இன முயல் என்றால் இதைவிடக் குறைவு.) அடர்தீனி கிலோ 40 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

* 2 பெரிய முயல்: நாளுக்கு 200 கிராம். மாதம் 6 கிலோ. செலவு 240 ரூபாய்.
* 2 பெரிய முயல், 11 குட்டி: நாளுக்கு 750 கிராம். மாதம் 22½ கிலோ. செலவு 900 ரூபாய்.
* 13-ம் வளர்ந்த பிறகு: நாளுக்கு 1 கிலோ 300 கிராம். மாதம் 39 கிலோ. செலவு 1,560 ரூபாய்.

இது அடர்தீனி மட்டும். கூண்டு, தண்ணீர்ப் பாத்திரம், மருந்துச் செலவு எல்லாம் தனி. முயலின் விலை ஒரு முறை கொடுப்பது. தீனிச் செலவு தினமும் கொடுப்பது!

இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஏறும். தெருவில் பாவு போட முடியாது. நெசவாளர் வீட்டில் கூலி குறையும் மாதங்கள் அவை. ஆனால், முயலின் வயிறு மழைக்காலம் பார்க்குமா?

செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். வீட்டோரம் அகத்தி நட்டான். ஒரு விவசாயி வேலிமசால் தந்தார். முயல் மசால் என்றே ஒரு தீவனச் செடி இருக்கிறது தெரியுமா? பெயரிலேயே முயல்! காய்கறிக் கடையில் ஒதுக்கும் முள்ளங்கி இலை, காலிஃபிளவர் இலை கிடைத்தன. (கேரட்டை மட்டும் முயலுக்கு நிறைய கொடுக்காதீர்கள். இனிப்பு அதிகம். புல்லும் இலையும்தான் முயலின் சாப்பாடு. அதன் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள தீனியைக் கடித்து மென்றால்தான் அவை தேயும்.)

தீனிச் செலவு நன்றாகக் குறைந்தது. கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

நான் மறந்த கணக்கு

ஏப்ரல் மாதம். முழு ஆண்டுத் தேர்வு நேரம். கூண்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. காலையில் அவசரமாகத் தீனி போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டான். அப்பாவுக்கு அவசரச் சேலை. அம்மா வெளியூர் போயிருந்தார். ஆயாவால் மாடி ஏற முடியாது. நடுப்பகலில் யாருமே மேலே போகவில்லை. தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்திருக்கிறது.

முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. நீளமான காதுகள் வழியாகத்தான் அது உடல் சூட்டை வெளியேற்றும். 35 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. நம் பக்கத்துக் கோடை வெயில் உங்களுக்குத் தெரியாததா? முயல் ஆராய்ச்சியும் செய்யும் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கும் இடம் எது தெரியுமா? கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூர். குளிர்ந்த இடம் முயலுக்கு அவ்வளவு ஏற்றது.

அன்று மாலை அவன் மாடிக்குப் போனபோது தாய் முயலும் ஒரு குட்டியும் இறந்து கிடந்தன.

மறுநாள் தேர்வு எழுதிவிட்டு என்னிடம் வந்து அழுதான். எனக்கும் மனசு கனத்துவிட்டது. காரணம் இருக்கிறது. பணக் கணக்கைச் சொல்லிக் கொடுத்த நான், நேரக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் தப்பு. அன்றே அதையும் போட்டோம். 13 முயலுக்கு அவன் தினமும் செலவிட வேண்டியிருந்த நேரம் இதோ:

* தழை பறித்து வர: 40 நிமிடம்
* கழுவி, ஈரம் போக உலர்த்த: 15 நிமிடம்
* கூண்டு சுத்தம் செய்ய: 30 நிமிடம்
* மூன்று வேளை தண்ணீர் மாற்ற: 15 நிமிடம்
* ஒவ்வொன்றையும் காது, மூக்கு, கால் பார்க்க: 20 நிமிடம்

மொத்தம் இரண்டு மணி நேரம்! பள்ளி, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் போக அவனிடம் மிஞ்சியது முக்கால் மணி நேரம்தான். இல்லாத நேரத்தை எங்கிருந்து கொடுப்பான்?

காட்டில் விட்டுவிடலாமா?

மீதி 11 முயல். "ஜவ்வாது மலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுடு. பிழைச்சுக்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால், அது தவறு.

நம் காட்டிலும் வயலிலும் ஓடும் முயல் வேறு. வீட்டு முயல் வேறு. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கும். அது நம் நாட்டு விலங்கு. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு முயலோ ஐரோப்பாவில் இருந்து வந்த இனம். கூண்டில் வளர்ந்ததைக் காட்டில் விட்டால், நாய்க்கும் நரிக்கும் இரையாகும்.

அப்படியே பிழைத்தாலும் ஆபத்துதான்! ஆஸ்திரேலியாவில் 1859-ம் ஆண்டு தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்தில் இருந்து 24 முயல்களை வரவழைத்தார். அவை பெருகிப் பயிர்களையும் புல்வெளிகளையும் நாசமாக்கின. முயலைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை வேலி போட்டார்கள். எவ்வளவு நீளம் தெரியுமா? 3,000 கிலோமீட்டருக்கும் மேல்!

கறிக்கு வாங்கிக்கொள்வதாக ஒருவர் வந்தார். அது அவருடைய தொழில். ஆனால், இவன் பெயர் வைத்து வளர்த்த முயல்கள். "வேணாம் டீச்சர்" என்றான். "அப்படின்னா தீனி போட ஆள் தேடு" என்றார் அப்பா.

விலை: ஒரு கணக்குத் தாள்!

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. 'முயல் இலவசம். ஆனால், கணக்குத் தாள் கொண்டு வருபவருக்கு மட்டும்' என்று வகுப்பில் சொன்னான். 11 பேர் ஆசையாகக் கை தூக்கினார்கள். ஒரு வாரத்தில் தாளோடு வந்தவர்கள் ஐந்து பேர். அதிலும் ஒரு சிறுமி, கணக்கெல்லாம் அழகாகப் போட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'எங்கள் வீட்டில் முடியாது டீச்சர்.'

அவளுக்குத்தான் நான் பத்துக்குப் பத்து போட்டேன்.

கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஆண், பெண் பிரித்த பிறகு நான்கு வீடுகளுக்கு எட்டு முயல்கள் போயின. அவனிடம் மூன்று நின்றன. இரண்டு பெண், தனி அறையில் ஓர் ஆண். கூண்டு மாடியில் இருந்து இறங்கி, தறி வீட்டுக்குப் பின்னால் வேப்ப மர நிழலுக்கு வந்தது. கோடையில் கூண்டைச் சுற்றி நனைத்த கோணிச் சாக்கு தொங்கியது. நடுப்பகலில் தண்ணீர் பார்க்கும் வேலையை ஆயா ஏற்றுக்கொண்டார். தினமும் ஆகும் நேரம் நாற்பது நிமிடம். அவனிடம் இருந்ததோ முக்கால் மணி. கணக்கு சரியாகிவிட்டது!

நீங்களும் எழுதுங்க!

முயல் கேட்டு அடம் பிடிப்பதற்கு முன், ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

1. ஒரு மாதத் தீனிச் செலவு எவ்வளவு? யார் தருவார்கள்? வருமானம் குறையும் மாதத்தில் என்ன செய்வீர்கள்?
2. தினமும் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்? தேர்வு நேரத்தில்?
3. நடுப்பகலில் யார் பார்ப்பார்கள்? நிழல் எங்கே?
4. கால்நடை மருத்துவமனை எவ்வளவு தூரம்? (முயல் அரை நாள் தீனி தொடாவிட்டாலே உடனே காட்ட வேண்டும்.)
5. ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்?
6. ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக வைக்க இரண்டு கூண்டு உண்டா?
7. நன்றாகக் கவனித்தால் முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழும். அப்போது உங்கள் வயது என்ன?

ஏழாவது கேள்விதான் முக்கியம், குழந்தைகளே! அந்த மாணவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மூன்றில் கடைசி முயல் போன ஆண்டுதான் இறந்தது, ஒன்பது வயது. அவன் விடுதியில் இருந்த நாட்களில் அதற்குத் தழை போட்டது யார் தெரியுமா? 'காசு தர முடியாது' என்று சொன்ன அதே அப்பாதான்! தறியில் இருந்து எழும்போதெல்லாம் வேப்ப மரத்தடிக்கு ஒரு நடை போய் வருவாராம்.

"பிணைச்ச பாவை முடிக்கணும் இல்ல டீச்சர்" என்றார் என்னிடம்.

என்ன, நோட்டை எடுத்துவிட்டீர்களா? கணக்கு போடுங்கள். 'முடியும்' என்று விடை வந்தால், முயல் பாக்கியம் செய்தது. 'முடியாது' என்று வந்தால், உங்களுக்கும் பத்துக்குப் பத்து!