அறுபடாத ஒலி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களே மழை பொழியும். பயிருக்கோ விளையும் வரையில் நீர் வேண்டும். விட்டு விட்டு வரும் நீரை வாங்கி, விடாது கொடுப்பதற்கே முன்னோர் அங்குக் கண்மாய்களை அமைத்தனர். கணினியில் ஒலியைப் பதிவு செய்யக் கற்போர்க்கும் அக்கண்மாயே நல்லாசான்.

அவ்வட்டாரச் சிற்றூர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே வாழ்கின்றன. அவற்றைப் பதிந்து காக்க இன்று ஒரு மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் இருந்தால் போதும். ஆனால் மூதாட்டி ஒருவர் நெஞ்சுருகிப் பாடிய ஒப்பாரியை மறுமுறை அவ்வாறே பாடுதல் அரிது. இடையில் ஒலி படபடவெனச் சிதறினால், இழந்த அடி இழந்ததே ஆகும்.

ஒலி சிதறுவது ஏன்? கணினி ஒலியை நொடிக்கு 44,100 எண்களாக மாற்றிக்கொள்கிறது. அவ்வெண்களைச் சிறு சிறு தொகுதிகளாகவே அது கையாளும். ஒரு தொகுதி தங்கிச் செல்லும் இடம் தேக்கம். அதனைப் 'பஃபர்' என்பர். எதிரொலி சேர்த்தல், இரைச்சல் களைதல், குரலின் ஏற்ற இறக்கத்தைச் சீர்ப்படுத்தல் ஆகிய பணிகளைச் செய்வன செருகுநிரல்கள். ஒலிக்கலைஞர் இவற்றைப் 'பிளக்-இன்' என்றே வழங்குவர். ஜெர்மனி நாட்டு ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் இவற்றிற்கென ஒரு பொது முறையை வெளியிட்டது. தனிக் கருவிகள் செய்துவந்த வேலைகள் பல சாதாரணக் கணினிக்குள் அடங்குவதற்கு அது பெரிதும் உதவிற்று.

ஒரு தொகுதியின் மேல் எல்லாச் செருகுநிரல்களும் தம் வேலையை முடித்த பின்னரே அது வெளியே செல்லலாம். 128 எண்கள் கொண்ட தொகுதிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 3 மில்லி நொடி. அதற்குள் வேலை முடியாவிடில் மடையில் நீர் நின்றுவிடும். செவியில் வெடிப்பொலி கேட்கும். தொகுதியை 1,024 எண்களாகப் பெருக்கினால் 23 மில்லி நொடி கிடைக்கும். எனினும் பெரிய கண்மாய் நிறைய நேரமாகும் அன்றோ? உள்ளே வரும்போதும் வெளியே செல்லும்போதும் ஒலி தங்கிச் செல்லுமாதலால், பாடுபவர் தம் குரலையே 46 மில்லி நொடி தாமதமாகக் காதணிக் கருவியில் கேட்டுத் தடுமாறுவார். ஆதலால் பாடும்போது சிறு தேக்கமும், பின்னர்ச் செப்பனிடும்போது பெருந்தேக்கமும் வைத்தல் முறை. பாடும் வேளையில் செருகுநிரல்களை நிறுத்திவைப்பது இன்னும் நன்று. எதிரொலியை மறுநாளும் சேர்க்கலாம்; பாட்டை மறுநாள் பெற இயலாது.

சில வேளைகளில் கணினியின் ஆற்றலில் பாதியே செலவாவதாக அளவி காட்டும். ஆயினும் ஒலி சிதறும். இதுகண்டு பலர் மயங்குவர். இன்றைய செயலிக்குள் பல உட்கருக்கள் உண்டு. ஒரே குரலின்மேல் எட்டுச் செருகுநிரல்களை வரிசையாக அடுக்கினால், ஒன்று முடித்துத் தந்ததையே அடுத்தது வாங்க வேண்டும். ஆகையால் அவ்வரிசையின் சுமை பெரும்பாலும் ஓர் உட்கருவின் மேலேயே விழுகிறது. ஏனையவை வாளா இருக்கின்றன. பத்து மடைகள் இருந்தும் நீர் முழுவதையும் ஒரே மடையில் விட்டால் என்ன பயன்?

குற்றவாளியைக் காணும் வழி எளிது. செருகுநிரல்களில் பாதியை நிறுத்திக் கேட்டல் வேண்டும். சிதறல் நின்றால் நிறுத்திய பாதியையும், நில்லாவிடில் எஞ்சிய பாதியையும் மீண்டும் இரண்டாகப் பிரித்துச் சோதிக்கலாம். எட்டில் ஒன்று பிழையாயின் மூன்றே சோதனைகளில் அது அகப்படும். பளுவான அந்நிரலின் விளைவை ஒருமுறை கணக்கிட்டுக் கோப்பாக எழுதிவிட்டால், பின்னர் அது ஓட வேண்டியதில்லை. இதனை 'உறைவித்தல்' என்பர். புதுக் கணினி வாங்க விரைவோர் முதலில் இதனைச் செய்து பார்ப்பது நலம்.

வெயிலும் ஒரு பகையே. சித்திரை வெப்பத்தில் செயலி மிகச் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் பிசகின்றி நடந்த பதிவு பிற்பகலில் சிதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மடிக்கணினியைப் போர்வைமேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். பலகைமேல் வைத்தல் வேண்டும். மின்சாரம் நின்று மின்கலத்தால் ஓடும்போதும் பல கணினிகள் வேகம் குறையும். ஆதலின் மூதாட்டியை அழைத்து அமர்த்துமுன், அதே இடத்தில், அதே வெயிலில், பாட்டு நீளும் அளவுக்கு ஒரு வெள்ளோட்டம் பார்த்துக்கொள்வர் பழகிய பதிவாளர்.