இடுப்பு வலி: படுத்தாலும் தீராது, பொறுத்தாலும் தீராது

தோட்டங்களில் சுகாதாரக் கூட்டம் வைக்கும்போதெல்லாம் எங்களிடம் அதிகமாகச் சொல்லப்படும் முறைப்பாடு இடுப்பு வலிதான். கொழுந்து பறிக்கும் தாய்மாரும் சொல்கிறார்கள். முள்ளுக் குத்துகிற, கவ்வாத்து வெட்டுகிற ஆண்களும் சொல்கிறார்கள். "அது கெடக்குது, என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போய்விடுகிறார்கள். பொறுக்க முடியாமல் போனால் ஒரு ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் பேரை இழந்து மூன்று நாள் காம்பராவில் படுக்கை. பிறகு திரும்பவும் கூடை.

இந்த இரண்டு வழியாலும் நாட்பட்ட இடுப்பு வலி தீராது. படுத்துக் கிடப்பதுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

நாட்பட்ட வலி என்பது எது?

நமது இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. சுற்றிலும் தசைகளும் நார்களும் அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. பாரம் தூக்கும்போதோ, சரிவில் கால் வழுக்கும்போதோ இடுப்பு "புடிச்சுக்கொள்வது" பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். 3 மாதத்துக்கு மேலும் வலி இருந்தால், அல்லது விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால், அதை நாட்பட்ட வலி என்கிறோம்.

இது நமக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, "இந்த எலும்புதான், இந்த நரம்புதான் காரணம்" என்று ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது. வலி பொய் என்பது இதற்கு அர்த்தமில்லை. வலி உண்மை. ஆனால் ஆபத்தான நோய் எதுவும் உள்ளே இல்லை என்பதே இதன் பொருள்.

"எலும்பு தேஞ்சு போச்சு" என்றால்?

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "தேய்மானம்" என்று சொன்னதும் பலர் பயந்து போகிறார்கள். இனிமேல் குனிந்தால் முதுகு உடைந்துவிடும் என்று நினைத்து அசையாமலே இருக்கப் பார்க்கிறார்கள். வலியே இல்லாத ஆட்களின் முதுகைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015ஆம் ஆண்டில் ஒன்று சேர்த்துக் கணக்கிட்டார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 100க்கு 37 பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. 50 வயதில் 100க்கு 80 பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் இடுப்பு வலி இல்லை. ஆகவே தேய்மானம் என்பது பெரும்பாலும் தலை நரைப்பது போன்றதே.

அப்படியானால் வலி ஏன் விடாமல் இருக்கிறது? லயத்தில் கட்டி வைத்த காவல் நாயை நினைத்துப் பாருங்கள். கள்ளன் வந்தால் அது குரைக்க வேண்டும். ஆனால் ஒருமுறை மிரண்டுபோன நாய், பிறகு இலை விழுந்தாலும் குரைக்கும். நாட்பட்ட வலியில் நமது நரம்புகளும் அந்த மாதிரித்தான். ஆரம்பத்தில் பட்ட காயம் ஆறிப் போயிருக்கும், நரம்பு மட்டும் குரைத்துக்கொண்டே இருக்கும். தூக்கம் குறைந்தால், கடன் நெருக்கினால், வீட்டில் சண்டை நடந்தால் வலி கூடுவதும் இதனால்தான். நாயைப் பழக்குவது போல நரம்பையும் மெல்ல மெல்லப் பழக்கத்தான் வேண்டும்.

மலையில் இடுப்புக்கு என்ன நடக்கிறது?

கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில். மரத்தின் மேலாகக் குனிந்து எட்டிப் பறிக்க வேண்டும். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முன்பக்கமாகக் குனிந்து நிற்கும்போது, உடம்பு முன்னால் விழாமல் இருக்க இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. குனிந்த நிலையிலேயே வெகு நேரம் நின்றால் தசை சோர்ந்துவிடும். மழை நாளில் கொழுந்து நனைந்தால் அதே கூடை இன்னும் பாரமாகும்.

ஆண்களுக்கு வேறு விதம். மருந்து அடிக்கும் டாங்கி 16 லீட்டர் என்றால், அதிலுள்ள தண்ணியே 16 கிலோ. உர மூட்டை 50 கிலோ. கவ்வாத்தில் நாள் முழுவதும் குனிந்து வெட்ட வேண்டும்.

வேலை முடிந்து வந்த பின்னும் தாய்மாருக்கு வேலை முடிவதில்லை. பீலியில் தண்ணி, விறகுக் கட்டு, துணி துவைப்பு, இடுப்பில் பிள்ளை. இடுப்புக்கு ஓய்வு என்பதே கிடையாது.

படுக்கை மருந்தாகுமா?

முன்பெல்லாம் இடுப்பு வலி என்றால் படுக்கையில் இருக்கச் சொல்வது வழக்கம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களிடம் செய்த ஓர் ஆய்வு 1995ஆம் ஆண்டில் வெளியானது. புதிதாக இடுப்பு வலி வந்தவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவை 2 நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பிரிவை வலிக்குத் தக்கபடி தங்கள் வழக்கமான காரியங்களைப் பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரம் சுகமானவர்கள் வழக்கமான காரியங்களைப் பார்த்தவர்களே. படுத்திருந்தவர்கள்தான் பிந்திச் சுகமானார்கள்.

படுத்தே கிடந்தால் தசை பலம் குறைந்துவிடும். மறுபடி கூடையைத் தூக்கும்போது முன்பைவிட வலிக்கும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பவும் படுக்கிறோம். இந்தச் சக்கரத்தை உடைக்க வேண்டும். கடும் வலி உள்ள நாளில் கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்ளலாம். ஆனால் எழுந்து நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

"ரெஸ்ட் எடுங்க" என்று சொல்வது சுலபம். கிலோ குறைந்தால் சம்பளம் குறையும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியதையே சொல்கிறோம்.

1. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அல்லது ஒரு நிரை முடிந்ததும், நிமிர்ந்து நில்லுங்கள். சமமான இடமாகப் பார்த்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்பக்கமாக மெல்ல 5 தடவை சாயுங்கள். அரை நிமிடம் போதும். கூடை பாரமாக இருந்தால் இறக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

2. எட்டிப் பறிப்பதைவிட ஓர் அடி கிட்டப் போய்ப் பறியுங்கள். முன்னே வைக்கும் காலையும் மாற்றி மாற்றி வையுங்கள்.

3. நிறைந்த கூடையைத் தரையில் இருந்து தனியாகத் தூக்க வேண்டாம். மேட்டில் வைத்து மாட்டுங்கள். பக்கத்தில் உள்ளவர் ஒரு கை கொடுக்கட்டும். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். உர மூட்டைக்கு எப்போதும் இரண்டு பேர்.

4. வலி குறைந்த நாளில் இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த நாள் எழும்ப முடியாமல் கிடக்க வேண்டாம். எல்லா நாளும் ஓர் அளவாக வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். விறகை ஒரே பெரிய கட்டாகக் கொண்டு வராமல் சிறு கட்டுகளாகக் கொண்டு வாருங்கள்.

5. மலையில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணி குடிக்காமல் இருக்காதீர்கள். தண்ணி குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருந்தால் சிறுநீரில் கிருமி சேரலாம். அதனாலும் இடுப்பு வலிக்கும்.

இரவில் பத்து நிமிடம்

படுக்கப் போகும் முன் பாயில் செய்ய மூன்று பயிற்சிகள்.

முதலாவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு காலை இரு கையாலும் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழுங்கள். 10 எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 5 தடவை.

இரண்டாவது, அதே மாதிரிப் படுத்து, பாதத்தை ஊன்றி இடுப்பை மெல்ல மேலே தூக்குங்கள். 5 எண்ணி இறக்குங்கள். 10 தடவை.

மூன்றாவது, குழந்தை தவழ்வது போல் கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை போல முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே தளர விடுங்கள். 10 தடவை.

முதல் வாரத்தில் இதில் பாதி செய்தால் போதும். கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை மட்டும் நிறுத்தி டிஸ்பென்சரியில் கேளுங்கள். கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டே செய்ய வேண்டும். பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் செல்லலாம். இடையில் விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை, ஊசி, பெல்ட்

டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கடும் வலியின்போது சில நாளுக்கு உதவும். ஆனால் வெறும் தேத்தண்ணியோடு மாதக் கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், இரத்தம் கசியலாம், சிறுநீரகமும் கெடலாம். பிரஷர், சிறுநீரக நோய், வயிற்றுப் புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஊசி வலியை மறைக்கும், தசைக்குப் பலம் தராது.

இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பயிற்சியையும், நோயை விளங்கிக்கொள்வதையுமே அது முக்கியமாகச் சொல்கிறது. சுடுதண்ணி ஒத்தடம் இதம் தரும். தைலம் தேய்ப்பதிலும் தவறில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

- சிறுநீர் போக முடியாவிட்டால், அல்லது சிறுநீர், மலம் தன்னை அறியாமல் போனால்
- மலவாசலைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமும் மரத்துப் போனால்
- கால் பலம் குறைந்து இழுத்து நடந்தால்
- மரத்திலிருந்தோ மேட்டிலிருந்தோ விழுந்த பின் வலி வந்தால்
- வலியோடு காய்ச்சல் இருந்தால். அது எலிக்காய்ச்சலாகவோ சிறுநீரகத்தில் கிருமியாகவோ இருக்கலாம்
- உடம்பு மெலிந்து, இராத்திரியில் படுத்திருக்கும்போதும் வலி விடாவிட்டால். காசநோயும் புற்றுநோயும் முதுகெலும்பைத் தாக்குவது உண்டு

முதல் மூன்றும் அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நாள் பிந்தினாலும் கால் வழங்காமலே போய்விடலாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இது ஒருவர் மட்டும் சுமக்கும் பாரமல்ல

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணிக் குடத்தையும் விறகையும் நீங்கள் தூக்கினால், அது எந்த மாத்திரையையும் விடப் பெரிய மருந்து. "சும்மா சாக்குச் சொல்றா" என்று பேசாதீர்கள். வலி வெளியில் தெரியாது.

கங்காணிமாருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். நிறுவையைப் பறிக்கும் இடத்துக்குக் கிட்ட வையுங்கள். கூடை நிரம்பி வழியும் வரை காத்திராமல் இடையில் ஒரு தடவை கூடுதலாக நிறுத்து எடுங்கள். கூடையை இறக்கி வைக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை கட்டிக் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. இடுப்பு நன்றாக இருக்கும் தொழிலாளி அதிக நாள் வேலைக்கு வருவார்.

நாட்பட்ட இடுப்பு வலி ஒரே நாளில் போகாது. சிலருக்கு முழுவதும் போகாமலும் இருக்கலாம். ஆனால் வலி குறையும், தூக்கம் வரும், பேர் தவறாது, பிள்ளையைத் தூக்க முடியும். இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்று பயிற்சிகளையும் இன்று இராத்திரியே வீட்டில் எல்லோருமாகச் செய்து பாருங்கள்.