பழைய பேசிவ் சப்வூஃபரை ஹோம் தியேட்டருடன் இணைத்தல்

பேசிவ் சப்வூஃபர் என்பது உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாத, தாழ் ஒலிகளுக்கான ஒலிபெருக்கி. ஏவி ரிசீவரின் 'சப்வூஃபர் அவுட்' முனையில் வருவது மெல்லிய சமிக்ஞை மட்டுமே. அதனால் கூம்பை அசைக்க முடியாது. எனவே இரண்டுக்கும் இடையே தனி ஆம்ப்ளிஃபயர் தேவை. தேனாம்பேட்டைவாசிகள் அதை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தேடலாம்.

பழைய பெட்டியை வாங்குமுன் மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். 8 ஓம் சுருள் ஏறத்தாழ 6 ஓமும், 4 ஓம் சுருள் ஏறத்தாழ 3 ஓமும் காட்டும்; மின்தொடர்பே இல்லையெனில் சுருள் அறுந்துள்ளது. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு சென்னையின் ஈரக்காற்றில் உதிர்ந்திருக்கலாம்; விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சப்வூஃபரின் ஓம் அளவு, ஆம்ப்ளிஃபயர் தாங்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் ஆம்ப்ளிஃபயர் சூடாகிப் பழுதாகலாம். இணைத்தபின் ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கிச் சரிசெய்யலாம். பெட்டிக்கு விலை பேசும்போதே ஆம்ப்ளிஃபயர் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.