கத்தியா, மருந்தா?

மாணவ நண்பர்களே, பெருங்குடற் புற்றுநோய் முற்றிவிட்டது எனக் கேட்டதும், "அறுத்து எறியலாகாதா?" என்றே பலரும் வினவுவர். விடை அத்துணை எளிதன்று.

எங்கள் மூங்கில்துறைப்பட்டில் கரும்புக் கொல்லையின் ஒரு மூலையில் கோரை முளைத்தால் கொத்தி எடுத்துவிடுவோம். கிழங்கு கொல்லையெங்கும் பரவினால் கொத்து மட்டும் போதாது. நோயும் அத்தகையதே. அறுவை ஓரிடத்தைச் சீர்செய்யும். மருந்தோ குருதியோடு உடலெங்கும் செல்லும்.

குடல் அடைபட்டால், அடைப்பை நீக்கவோ மலத்திற்கு மாற்றுவழி அமைக்கவோ அறுவை உடனே வேண்டும். ஈரலில் சில கட்டிகளே இருப்பின், மருந்தால் அவற்றைச் சுருக்கி, பின்னர்க் குடற்கட்டியோடு அவற்றையும் அகற்றுவதுண்டு. அவருள் சிலர் முற்றும் நலம் பெறுகின்றனர். பல உறுப்புகளில் பரவியிருப்பின் மருந்தே முதன்மை. 1957-இல் அறிவிக்கப்பட்ட ஃபுளூரோயூராசில் இன்றும் அம்முறைகளுக்கு அடிப்படை. அது வாழ்நாளை நீட்டும், வேரறுத்தல் அரிது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில், பல்துறை மருத்துவர் கூடி ஆராய்ந்தே வழி வகுக்கின்றனர்.

வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியையும் வைத்தார். நாமோ நோயை அவரிடமே மறைக்கிறோம். பெறுவது எது, இழப்பது எது என்று அறிந்து முடிவு செய்யும் உரிமை அவருடையது. வீட்டில் மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வருமாயின், இதனை மறவாதீர்கள்.