விலையேற்றத்தின் பொறுப்பு யாருடையது? இமாம் மக்ரீஸீ தரும் விளக்கம்

உணவுப் பொருள்களின் விலையும் எரிபொருளின் விலையும் ஏறும் காலங்களில் மக்களிடையே இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். 'எல்லாம் ஆட்சியாளர்களால் வந்த கேடு' என்பது ஒன்று. 'எல்லாம் இறைவனின் நாட்டம்; பொறுமை கொள்வோம்' என்பது மற்றொன்று. முதற்குரல் ஆராயாமல் பழி சுமத்துகிறது. இரண்டாவது குரலோ, பொறுமை என்னும் உயர்ந்த பண்பை, தவறிழைத்தவர்கள் மறைந்து கொள்ளும் திரையாக மாற்றிவிடும் அபாயம் உடையது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, எது இறைவிதி, எது மனிதக் கரங்களின் விளைவு எனப் பிரித்துக் காட்டிய ஓர் அறிஞரின் நூலை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

எகிப்திய வரலாற்றாசிரியர் தகிய்யுத்தீன் அல்மக்ரீஸீ (ரஹ்) கெய்ரோவில் பிறந்து ஹிஜ்ரி 845இல் (கி.பி. 1442) மறைந்தவர். இப்னு கல்தூனிடம் பயின்றவர். ஹிஜ்ரி 801இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக, அதாவது அளவை, நிறுவை, சந்தை நடைமுறைகளைக் கண்காணிக்கும் அதிகாரியாக நியமிக்கப்பட்டவர். எனவே ரொட்டிக் கடையின் தராசையும் அரண்மனையின் கணக்கையும் ஒருசேர அறிந்தவர் அவர்.

ஹிஜ்ரி 806இல் (கி.பி. 1403-04) நைல் நதியின் வெள்ளம் போதிய அளவு உயரவில்லை. நிலங்கள் காய்ந்தன, பஞ்சமும் நோயும் பரவின, தானிய விலை விண்ணைத் தொட்டது. இத்தகைய துன்பம் முன்னெப்போதும் வந்ததில்லை என்றும், இதற்கு மீட்சியே இல்லை என்றும் மக்கள் மனமுடைந்தனர். அவர்களுக்கு விடையாக ஹிஜ்ரி 808 முஹர்ரம் மாதத்தில் (கி.பி. 1405) மக்ரீஸீ எழுதிய சிறுநூலே 'இகாதத்துல் உம்மா பி கஷ்ஃபில் கும்மா' என்பது. துயரத்தின் காரணத்தை வெளிப்படுத்திச் சமுதாயத்திற்கு உதவுதல் என்பது அதன் பொருள்.

எகிப்து கண்ட பழைய பஞ்சங்களை அவர் முதலில் வரிசைப்படுத்துகிறார். ஃபாத்திமி கலீஃபா முஸ்தன்ஸிரின் காலத்தில் ஏழாண்டுகள் நீடித்த பெரும் பஞ்சமும் அவற்றுள் ஒன்று. நதி வற்றுவதால் வந்த பஞ்சங்கள், நதி பெருகியதும் நீங்கின. ஆனால் தம் காலத்துத் துன்பம் அவ்வாறு நீங்கவில்லை. ஏன்? இக்கேள்வியே நூலின் உயிர்நாடி. ஆள்வோரின் சீர்கெட்ட நிர்வாகமும், மக்கள் நலனில் அவர்கள் காட்டிய அலட்சியமும் என்பதே அவர் தரும் விடை. ஆனால் அவர் பொதுப்பட வசைபாடி நின்றுவிடவில்லை. மூன்று காரணங்களைத் தனித்தனியே எடுத்துரைக்கிறார்.

முதலாவது, பதவிகள் விலைக்கு விற்கப்பட்டமை. அமைச்சர், நீதிபதி, ஆளுநர், முஹ்தஸிப் ஆகிய பொறுப்புகளைக் கையூட்டுக் கொடுத்துப் பெற்றவர்கள் கடனாளிகளாகவே பதவியேறினர். அக்கடனைக் குடிமக்களிடமிருந்தே கறந்தனர். தாள முடியாத உழவர்கள் ஊர்களை விட்டு ஓடினர், நிலங்கள் தரிசாயின.

இரண்டாவது, நிலக் குத்தகையின் உயர்வு. அமீர்களின் காரியக்காரர்கள் தம் தலைவர்களை மகிழ்விக்க ஆண்டுதோறும் குத்தகையை உயர்த்தினர். விதைக்கும் உழவுக்கும் அறுவடைக்கும் ஆகும் செலவும் கூடவே ஏறியது.

மூன்றாவது, ஃபுலூஸ் என்னும் செப்புக்காசுகளின் பெருக்கம். சில்லறைப் பொருள்களை வாங்க மட்டுமே பயன்பட்டுவந்த செப்புக்காசு, சுல்தான் பர்கூக்கின் காலம் முதல் பெருமளவில் வார்க்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகளிலிருந்து செம்பு தருவிக்கப்பட்டது. வெள்ளி திர்ஹம் புழக்கத்திலிருந்து மறைந்தது. செப்புக்காசே நாட்டின் நாணயமாயிற்று. இங்கு மக்ரீஸீ செய்யும் கணக்கு வியப்பூட்டுவது. பல பொருள்களின் விலையைப் பொன்னிலும் வெள்ளியிலும் கணக்கிட்டால் உயர்வு சொற்பமே என்கிறார் அவர். அதாவது பொருளின் மதிப்பு ஏறியதைவிடக் காசின் மதிப்பு இறங்கியதே மிகுதி.

இதனால் யார் பாதிக்கப்பட்டனர் என்பதையும் அவர் ஆராய்கிறார். சமுதாயத்தை ஏழு பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றின் நிலையையும் கூறுகிறார். கல்விமான்கள், மாணவர்கள் போன்று குறிப்பிட்ட உதவித்தொகையை நம்பி வாழ்ந்தோரின் நிலை மிகப் பரிதாபமாயிற்று. அவர்கள் கையில் பெற்ற காசின் எண்ணிக்கை குறையவில்லை. அது வாங்கித் தந்த ரொட்டியே குறைந்தது.

அவர் முடிவுகள் முழுமையானவை அல்ல. வெள்ளித் தட்டுப்பாடு அக்காலத்தில் ஐரோப்பாவையும் வாட்டியது என்பதையும், கி.பி. 1348இன் கொள்ளைநோய்க்குப் பின் எகிப்தில் உழைப்போர் தொகை குறைந்ததையும் இற்றை வரலாற்றாய்வாளர்கள் சுட்டுகின்றனர். இவற்றுக்கெல்லாம் சுல்தானைக் குற்றவாளியாக்க இயலாது. ஆயினும் காரணங்களைப் பிரித்துப் பார்க்கும் அவரது முறை இன்றும் பயன்தரக் கூடியதே.

அதே எகிப்தையே எடுத்துக்கொள்வோம். 1977 ஜனவரியில் ரொட்டி மாவு, எண்ணெய் முதலியவற்றுக்கான மானியத்தைக் குறைக்க அரசு முற்பட்டபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர்; பல உயிர்கள் பலியாயின; அரசு பின்வாங்கியது. 2022இல் ரஷ்ய-உக்ரைன் போர் மூண்டதும், அவ்விரு நாடுகளின் கோதுமையையே பெரிதும் நம்பியிருந்த எகிப்து தடுமாறியது. 2024 மார்ச்சில், ஒரு டாலருக்கு ஏறத்தாழ 31 பவுண்டாக இருந்த நாணய மதிப்பு 50 பவுண்டை நெருங்கிச் சரிந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம், முப்பதாண்டுகளுக்கும் மேலாக 5 கிர்ஷாக இருந்த மானிய ரொட்டியின் விலை 20 கிர்ஷாயிற்று. எரிபொருள் விலையும் அவ்வாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உயர்த்தப்பட்டது. இதில் போர், நைல் வற்றியதைப் போன்றது. அதை அந்நாட்டு அரசு வரவழைக்கவில்லை. ஆனால் இறக்குமதியையே நம்பும் நிலையும், கடன் சுமையும், நாணயக் கொள்கையும் ஆள்வோரின் கணக்கில் சேர வேண்டியவை.

மார்க்கத்தின் வழிகாட்டலும் இப்பகுப்பையே ஆதரிக்கிறது. மதீனாவில் விலையேறியபோது விலை நிர்ணயம் செய்யுமாறு தோழர்கள் வேண்டினர். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய உயிருக்கோ பொருளுக்கோ அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காணலாம். விலை இயல்பாக ஏறும்போது வணிகனை நெருக்குவதும் அநீதியே என்பது இதன் படிப்பினை. அதே வேளையில், பதுக்கலால் விலை ஏற்றப்படும்போது ஆட்சியாளர் தலையிடுவது நீதி என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) 'அல்ஹிஸ்பா' நூலில் விளக்குகிறார்கள்.

ஹிஜ்ரி 18இல் அரபகத்தைப் பஞ்சம் வாட்டியபோது உமர் (ரலி) அவர்கள், மழை பொய்த்ததற்குத் தாம் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிடவில்லை. சிரியாவிலிருந்து தானியம் தருவித்தார்கள். மக்கள் வளம் பெறும்வரை நெய்யையும் இறைச்சியையும் தமக்கு விலக்கிக்கொண்டார்கள். மழைக்கு அவர்கள் பொறுப்பல்லர். பசித்தவனுக்குப் பொறுப்பு என்று உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே, விலையேற்றத்தின்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. துன்பம் வந்தது எவ்வழியில்? அதைப் பெருக்கியது யார் செயல்? அதன் சுமை எவர் தோளில் இறக்கப்பட்டது? முதற்கேள்விக்கு இறைநாட்டம் விடையாகலாம். மற்ற இரண்டுக்கும் மனிதர்களே விடை கூற வேண்டும்; இம்மையில் மக்கள் முன்னிலையிலும், மறுமையில் அல்லாஹ்வின் சன்னிதானத்திலும். பழி சுமத்துவதிலும் நீதி தவறாதிருக்க வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!