படத்தில் பிறந்த கடல் பிராணி

ஒருவர் கற்பனையில் ஒரு கடல் பிராணியை வரைகிறார். அடுத்த ஆண்டே, அதே வழியில் இரை தேடிய விலங்கு ஒன்று உண்மையில் வாழ்ந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்ப முடிகிறதா?

அனோமலோகாரிஸ் என்ற பழங்கால வேட்டை விலங்கில் தொடங்குகிறது இந்தக் கதை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அக்காலக் கடலின் பெரிய விலங்குகளில் அதுவும் ஒன்று. தலைக்கு முன்னால் நீண்ட, முள் நிறைந்த இரண்டு கைகளால் இரையைப் பிடிக்கும்.

அதன் இனத்தில் எல்லாமே வேட்டையாடித்தான் பிழைத்தனவா? ஓவியர் ஜான் மெஸரோஸ் வேறு விதமாக யோசித்தார். இன்றைய நீலத்திமிங்கிலம், பெலாச்சானில் சேரும் குட்டி இறால் போன்ற உயிர்களைக் கடல்நீரிலிருந்து வடிகட்டி உண்கிறது. ஆனால் அதன் மூதாதைகள் பல் வைத்து வேட்டையாடியவை. திமிங்கிலச் சுறாவும் வேட்டைச் சுறாக்களின் வழியில் வந்ததுதான். அப்படியென்றால் அனோமலோகாரிஸ் இனத்திலும் ஒரு கிளை வடிகட்டி உண்ணப் பழகியிருக்கலாம் அல்லவா?

அந்த ஊகத்தில் பிறந்ததுதான் ‘சீட்டிகாரிஸ்’. 2013ல் ‘ஆல் யுவர் யெஸ்டர்டேஸ்’ என்ற கற்பனை ஓவியத் தொகுப்பில் அது இடம்பெற்றது.

பேன்சீப்பு போன்ற கைகள்

2014ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வட கிரீன்லாந்தின் சிரியஸ் பாசெட் பகுதியில் கிடைத்த, சுமார் 52 கோடி ஆண்டுப் பழமையான டாமிசியோகாரிஸ் பற்றியது அது. இந்த விலங்குக்கு 2010லேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது எப்படிச் சாப்பிட்டது என்பதைப் புதிய புதைபடிவங்கள்தான் காட்டின. கையிலுள்ள ஒவ்வொரு நீண்ட முள்ளிலும் பேன்சீப்பின் பற்களைப்போல் நெருக்கமான நுண்முட்கள்! அரை மில்லிமீட்டர் அளவுள்ள உயிர்கள்கூட அதில் சிக்கியிருக்கும். இரண்டு கைகளாலும் மாறி மாறி நீரை அரித்து, சிக்கியதை வாய்க்குக் கொண்டு போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

2015ல் மொரோக்கோவிலிருந்து இன்னொரு செய்தி. அதே இனத்தைச் சேர்ந்த, சுமார் 2 மீட்டர் நீளமுள்ள ஏகிரோகாசிஸ். அதுவும் வடிகட்டி உண்ட விலங்குதான்.

பெயர் வந்தது, போனது

2014 ஆய்வாளர்கள் ஓவியரை மறக்கவில்லை. டாமிசியோகாரிஸ் சேர்ந்த குடும்பத்துக்கு, சீட்டிகாரிஸை நினைவூட்டும் ‘சீட்டியோகாரிடே’ என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆனால் விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் விதி கறாரானது. முறைப்படி பெயரிடப்பட்ட ஒரு பேரினத்தின் பெயரிலிருந்துதான் குடும்பப் பெயர் வர வேண்டும். சீட்டிகாரிஸ் இருந்ததோ ஓவியத்தில் மட்டுமே. அதனால் 2019ல் அந்தப் பெயர் ‘டாமிசியோகாரிடிடே’ என மாறியது.

பெயர் நிலைக்கவில்லை. மெஸரோஸின் ஊகம் நிலைத்துவிட்டது. குருட்டு அதிர்ஷ்டத்தில் அது பலிக்கவில்லை. திமிங்கிலமும் சுறாவும் போன பாதையைப் பார்த்து, ‘இந்த விலங்கும் அதே வழியில் போயிருக்குமோ’ என்று கேட்டதால் பலித்தது.