பதினைந்து வகுப்பில் முடியாத பாடம்

‘சமூக மனவெழுச்சிக் கற்றல்’ என்ற தொடர் இப்போது கல்விக் கருத்தரங்குகளில் அடிக்கடி காதில் விழுகிறது. தனக்கு வருவது கோபமா பயமா என்று இனங்காண்பது, தாங்க முடியாதபோது யாரிடம் போய்ச் சொல்வது, பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையின் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கவனிப்பது: இவையெல்லாம் கணிதம்போலப் பழகப் பழக வரும் என்பதே அதன் சாரம். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு இதன் பெயர்தான் புதிது.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ நூலை எழுதியது 1993இல். வடக்கில் ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதும் போரின் நடுவேதான். அப்போது அங்கே உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடமோ இடம்பெயர்ந்தால் மரத்தடியிலும் நடந்தது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே 420 மாணவர்களை நேர்கண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 92 பேர் ஷெல்லடி, குண்டுவீச்சு, உறவினர் சாவு என்று ஏதோவொரு கொடுமையைக் கண்டவர்கள். நால்வரில் ஒருவருக்கு மனவடு நோய். மனவடு கூடக்கூட ஞாபகசக்தியும் பரீட்சைப் புள்ளிகளும் குறைந்திருந்தன. ‘மொக்கு’ என்று பின்வாங்கில் இருத்தப்பட்ட எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்களோ.

2012இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு சற்றுக் கசப்பானது. வடக்கில் 399 பிள்ளைகளைத் தெரிந்து, ஒரு பகுதியினருக்கு விளையாட்டும் சித்திரமும் நடிப்புமாகப் பதினைந்து அமர்வுகள் நடத்தினார்கள். குழப்படி குறைந்தது. ஆண்பிள்ளைகளின் பதகளிப்பும் தணிந்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எதிர்பார்த்த பெரும் மாற்றம் வரவில்லை. மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை, பயிற்சியில் இருந்த பெண்பிள்ளைகளைவிட தம் முறைக்குக் காத்திருந்த பெண்பிள்ளைகளே கூடுதலாகத் தேறினார்கள். அன்றாடப் போர் நெருக்கீடு குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே பயனும் கூடுதல். வீட்டுக்குப் போனால் அதே பயம் காத்திருக்கும்போது வகுப்பில் வரைந்த சித்திரம் எவ்வளவு தூரம் கூட வரும்?

ஆகவே புதிதாக ஒரு பாடவேளையைச் செருகுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பள்ளி நாளுக்குள்ளேயே அது கரைய வேண்டும். பிந்தி வந்த பிள்ளையிடம் காரணம் கேட்கமுன் “சாப்பிட்டனியோ?” என்று கேட்பது, சண்டை பிடித்த இருவரையும் முழங்காலில் நிறுத்தாமல் நடந்ததை ஆளுக்காள் சொல்ல வைப்பது. பிரம்புக்குக் கல்வி அமைச்சு 2005இலேயே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடை போட்டது. மாணவனின் செவிப்புலன் பாதிக்கும்படி அறைந்தது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பிரம்பு என்னவோ இன்னும் அலுமாரிக்குப் பின்னால்தான் நிற்கிறது.

இன்று கிளிநொச்சியில் பத்தாம் தரத்தில் இருப்பவர்கள் போர் முடிந்த 2009 மேக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களின் தாயோ, ஏன் ரீச்சரோகூட, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் தற்காலிக வகுப்பில் இருந்து படித்தவராக இருக்கலாம். ஒரு கட்டத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அடைத்த முகாம். 2012 செப்டெம்பரில்தான் மூடினார்கள். பிள்ளையின் மனதைக் கேட்கச் சொல்லும் பயிற்சிகள் அந்த ரீச்சரின் மனதைக் கேட்பதில்லை.

இன்னொரு தொல்லை நேரம். பல பாடசாலைகளில் ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பஸ்ஸில் வந்து போகிறவர்கள். பிள்ளை வீட்டுக்கதை சொல்ல வாயெடுப்பது பெரும்பாலும் மணியடித்து வகுப்பு வெறுமையான பிறகு. அந்நேரம் ரீச்சர் ஒரு கண்ணைத் தெருவில் வைத்தபடிதான் கேட்க வேண்டியிருக்கிறது.